பிரிஜ் லால்: சீட்டுகளுக்குள் மனிதரைத் தேடிய வரலாற்றாசிரியர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிஜி என்றதும் தமிழ் வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருவது பாரதியாரின் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாட்டுதான். அந்தத் தோட்டங்களுக்குப் போனவர்கள் யார், எந்த ஊர்க்காரர்கள், ஏன் போனார்கள் என்று கேட்டு, அந்தக் கேள்விக்கே வாழ்நாளைக் கொடுத்தவர் வரலாற்றாசிரியர் பிரிஜ் விலாஷ் லால். புலம்பெயர்ந்தோர் வரலாற்றில் ஆர்வமுள்ள நண்பர்களும் மாணவர்களும் அவரைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

யார் இந்தப் பிரிஜ் லால்?

பிஜியின் வனுவா லெவு தீவில், லபாசா நகரத்துக்குப் பக்கத்தில் தாபியா என்று ஒரு ஊர். அங்கே 1952 ஆகஸ்ட் 21 அன்று கரும்பு விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பெற்றோருக்கு எழுத்தறிவு கிடையாது. தாத்தா இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தவர். பிஜியின் தலைநகர் சுவாவில் உள்ள தென் பசிபிக் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து, 1980இல் கான்பெராவின் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். பிஜியிலும் ஹவாயிலும் கற்பித்துவிட்டு, பிறகு கான்பெராவிலேயே நீண்ட காலம் பேராசிரியராக இருந்தார். 2021 டிசம்பர் 25 அன்று பிரிஸ்பேனில் காலமானார்.

கிர்மிட், கிர்மிட்டியா என்றால் என்ன?

‘அக்ரிமென்ட்’ என்ற ஆங்கிலச் சொல் வட இந்தியக் கிராமத்து நாக்கில் ‘கிர்மிட்’ ஆனது. அந்த ஒப்பந்தத்தில் போனவர் கிர்மிட்டியா. ஐந்து வருட ஒப்பந்தம். வார நாட்களில் ஒன்பது மணி நேரம், சனிக்கிழமை ஐந்து மணி நேரம் வேலை. ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். காகிதத்தில் இருந்த கூலி இது. அன்றைக்கு அளந்து கொடுத்த வேலையான ‘டாஸ்க்’கை முடித்தால்தான் முழுக்கூலி என்பதால், பலர் கையில் அது முழுசாக வந்து சேரவில்லை. பத்து வருடம் தங்கினால் ஊர் திரும்ப இலவசக் கப்பல்.

முதல் கப்பலான ‘லியோனிடாஸ்’ கல்கத்தாவிலிருந்து கிளம்பி 1879 மே 14 அன்று பிஜி வந்தது. 1916 வரை 87 கப்பல் பயணங்கள், அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள். அதில் ஏறக்குறைய 45,000 பேர் கல்கத்தா வழியாகவும், 1903க்குப் பிறகு சுமார் 15,000 பேர் சென்னை வழியாகவும் போனார்கள். மிச்சமிருந்த ஒப்பந்தங்கள் எல்லாம் 1920 ஜனவரி 1 அன்று ரத்தாயின.

அவருக்கு முன்பு இதைப் பற்றி யாரும் எழுதவில்லையா?

எழுதினார்கள், நன்றாகவே எழுதினார்கள். கே. எல். கில்லியன் 1962இல் பிஜி இந்தியர்களின் குடிப்பெயர்ச்சியைப் பற்றி எழுதிய நூல் இன்றும் அடிப்படை நூல். 1974இல் ஹியூ டிங்கர் எழுதிய நூல், ஒப்பந்தக் கூலிமுறையைத் தலைப்பிலேயே ‘புதிய அடிமைமுறை’ என்று அழைத்தது. அந்தச் சொல் உலகம் முழுக்கப் பரவியது, பரவ வேண்டிய சொல்தான்.

ஆனால் இந்த நூல்கள் பெரும்பாலும் அரசாங்கக் கோப்புகளின் வழியே பேசியவை. ஆளுநர் என்ன எழுதினார், லண்டன் என்ன பதில் போட்டது, விசாரணைக் குழு என்ன சொன்னது என்பது அவற்றில் இருந்தது. கப்பலேறியவர் ஒரு கூட்டமாகத் தெரிந்தாரே தவிர, ஓர் ஊரும் சாதியும் குடும்பமும் உள்ள ஆளாகத் தெரியவில்லை. ‘கீழ்ச்சாதிக்காரர்கள், விவரம் தெரியாதவர்கள், ஆள்பிடிக்கும் அர்க்காட்டி ஏமாற்றியதால் போனவர்கள், பெண்கள் என்றால் நடத்தை சரியில்லாதவர்கள்’ என்ற சித்திரம் அதிகாரிகளின் எழுத்திலிருந்து பொதுப்புத்திவரை உறைந்து போயிருந்தது. பிஜியில் பிறந்த பேரப்பிள்ளைகளே தாத்தா பாட்டியைப் பற்றி வெட்கத்தோடு பேசிய காலம் அது.

அவருடைய ஆய்வுமுறையில் புதிதாக என்ன இருந்தது?

ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் ‘எமிகிரேஷன் பாஸ்’. கப்பலேறும் ஒவ்வொருவருக்கும், குழந்தைக்கும்கூட, ஒரு சீட்டு. கப்பலின் பெயர், டிப்போ (கப்பலேறும்வரை ஆட்களைத் தங்கவைத்த முகாம்) எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம். கல்யாணம் ஆகியிருந்தால் யாரோடு. நெருங்கிய உறவினர் யார். உயரம் எத்தனை அடி, எத்தனை அங்குலம். உடம்பில் அடையாளம் என்ன: நெற்றியில் தழும்பா, இடது காலில் காய வடுவா. அதற்குக் கீழே, இந்த ஆள் நோயில்லாதவர், அம்மை குத்தப்பட்டவர் என்று டாக்டரின் கையெழுத்து. எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னோம், தன் விருப்பத்தோடுதான் போகிறார் என்று அதிகாரியின் கையெழுத்து. போகிறவர் வாய்திறந்து சொன்ன ஒரு வாக்கியம்கூட அதில் கிடையாது.

இந்தச் சீட்டுகள் கட்டுக்கட்டாகக் காப்பகத்தில் கிடந்தன. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே சொல்லாத காகிதங்கள். லால் செய்தது, கல்கத்தா வழியாகப் போன நாற்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்து, விவரங்களைக் குறியீடாக மாற்றிக் கணினியில் ஏற்றியது. இது 1970களின் கடைசியில். இன்று நம் கையில் இருக்கும் போன் அளவு வசதிகூட அன்றைய பல்கலைக்கழகக் கணினியில் இல்லை. பெயர் பெயராக, ஊர் ஊராகக் கையால் எழுதி எடுக்க வேண்டும். எத்தனை மாதங்கள் அந்த ஒரே மாதிரியான படிவத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருக்கிறது.

மாதிரிக்குச் சில நூறு எடுத்துக் கணக்குப் போட்டிருந்தாலே முனைவர் பட்டம் கிடைத்திருக்கும். அவர் அத்தனையையும் எண்ணினார். அந்த ஆய்வேடு 1983இல் ‘கிர்மிட்டியாஸ்’ என்ற நூலாக வந்தது.

எண்ணிப் பார்த்ததில் என்ன தெரிந்தது?

முதலில், சாதி. போனவர்கள் ஏதோ ஒரு தட்டிலிருந்து மட்டும் வழித்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை. பிராமணர், ராஜபுத்திரர், விவசாயச் சாதிகள், கைவினைஞர், ஒடுக்கப்பட்ட சாதிகள், முஸ்லிம்கள் என்று அன்றைய வட இந்தியக் கிராமத்தில் இருந்த எல்லோரும் இருந்தார்கள். இன்றைய உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களிலிருந்து போனவர்கள் அதிகம். அதில் பஸ்தி மாவட்டம் முன்னணியில் இருந்தது.

அடுத்தது, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. சீட்டில் சொந்த ஜில்லாவும் இருக்கும், ஆள் பதிவான இடமும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் லால். பலருக்கு இரண்டும் வேறுவேறாக இருந்தன. அதாவது அர்க்காட்டி வந்து கூப்பிட்டபோது அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கவில்லை. ஏற்கெனவே வேலை தேடி ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள். அந்தக் காலத்தில் அந்த மாவட்டங்களின் ஆட்கள் கல்கத்தா சணல் ஆலைகளுக்கும், அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்கும், பம்பாய் ஆலைகளுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். வரிச்சுமை, நிலம் துண்டாவது, கடன், கைத்தொழில் நசிவு, பஞ்சம் என்று ஊரில் இருக்க முடியாமல் செய்த காரணங்கள் பல. பிஜி அந்த நீண்ட நடையின் இன்னொரு முனை.

இப்படிப் பார்க்கும்போது ‘ஏமாந்தவர்கள்’ என்ற ஒற்றைச் சொல் போதாமல் போகிறது. ஏமாற்று நடந்தது, அதை லால் மறுக்கவில்லை. பிஜி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல், ஏதோ கல்கத்தாவுக்குப் பக்கத்துத் தீவு என்று நம்பிப் போனவர்கள் இருந்தார்கள். ஆனால் பிழைக்க வழி தேடி நடக்கத் தொடங்கிய மனிதர்களும் அதே கப்பலில் இருந்தார்கள். அவர்களுக்கு மூளையும் மனமும் உண்டு என்று ஒத்துக்கொள்ளும் வரலாறு அது.

பெண்களைப் பற்றி அவர் சொன்னது ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

ஒவ்வொரு நூறு ஆணுக்கும் நாற்பது பெண்கள் என்பது விதி. அந்த எண்ணிக்கையை நிரப்பத் தெருவில் கிடைத்தவர்களைப் பிடித்து அனுப்பினார்கள் என்பதும், தோட்டங்களில் நடந்த கொலைகளுக்கும் தற்கொலைகளுக்கும் பெண்களின் ஒழுக்கக்கேடே காரணம் என்பதும் அதிகாரிகளின் வழக்கமான பல்லவி. தேசியத் தலைவர்கள் எதிர்ப்பக்கம் நின்று பேசினாலும், அவர்களுக்கும் அந்தப் பெண் மானம் போன பாரத மாதாவின் உருவகமாகத்தான் இருந்தாள்.

லால் திரும்பவும் சீட்டுகளுக்குப் போனார். புருஷனோடு, பிள்ளையோடு குடும்பமாகப் போன பெண்கள் கணிசமாக இருந்தார்கள். தனியாகப் போனவர்களே அதிகம். அந்தத் தனிமைக்கு ‘நடத்தை’யைவிட நிஜமான காரணங்கள் இருந்தன: விதவைக்கோலம், புகுந்த வீட்டுக் கொடுமை, வேலைக்குப் போன புருஷனிடமிருந்து தகவலே வராமல் போனது. ஊரில் உயிரோடு புதைபட்டுக் கிடப்பதைவிடக் கடல் மேல் என்று முடிவெடுத்த பெண்கள் அவர்கள். அந்தத் துணிச்சலை அவர் பார்த்த இடத்தில் மற்றவர்கள் களங்கத்தைப் பார்த்தார்கள்.

1985இல் குந்தி என்ற பெண்ணை மையமாக வைத்து அவர் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் படிக்காதவர் இல்லை என்ற அளவுக்குப் போனது. 1913 ஏப்ரலில் ரேவா பகுதியின் நதேவா தோட்டத்தில், மற்றவர்களிடமிருந்து பிரித்து ஒதுக்குப்புறமான வாழைத் தோட்டத்தில் தனியாக வேலைக்கு விடப்பட்டவள் குந்தி. வெள்ளைக்கார ஓவர்சியர் அங்கே வந்து பலாத்காரம் செய்ய முயன்றபோது ஓடிப்போய் ஆற்றில் குதித்தாள். படகில் இருந்த ஒரு பையன் இழுத்துக் கரைசேர்த்தான். அவள் சொன்னது கல்கத்தாவின் ‘பாரத் மித்ர’ பத்திரிகையில் வந்து, இந்தியா முழுக்கக் கொந்தளிப்பு. கூலிமுறையை ஒழிக்கும் இயக்கத்துக்கு அது எரிபொருள் ஆனது.

லால் அங்கே நிற்கவில்லை. குந்தியின் பெயர் அச்சில் வந்துவிட்டது, மற்ற பெண்களின் தினசரி வேலைப்பளு, பிரசவம், குழந்தைச் சாவு, லயன் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) வாழ்க்கை எங்கே பதிவானது என்று கேட்டார். அதே வருடம் தோட்டத் தற்கொலைகளைப் பற்றி எழுதியபோதும், ‘பொறாமை, பெண் விவகாரம்’ என்று கோப்புகளில் எழுதி மூடிவிட்டதன் பின்னால் இருந்த தனிமையையும் சிதைந்த உறவுகளையும் வேலைச்சுமையையும் வெளியே கொண்டுவந்தார். பாரதியார் அந்தப் பெண்களின் அழுகுரலைக் கடலுக்கு இப்பால் இருந்து கேட்டுப் பாடினார். ‘கரும்புத் தோட்டத்திலே’ படித்த கையோடு குந்தி பற்றிய கட்டுரையையும் படித்துப் பார்க்கும்படி நான் எல்லோரிடமும் சொல்வேன்.

சுரண்டலின் கொடுமையை அவர் குறைத்துக் காட்டிவிட்டார் என்கிறார்களே?

இந்த விமர்சனம் உண்டு. ‘அவர்களாக முடிவெடுத்தார்கள்’ என்று அழுத்தினால் முதலாளி தப்பித்துவிடுவான் என்பது அதன் சாரம். கவலை நியாயமானதுதான். ஆனால் லால் எழுதியதை முழுசாகப் படித்தால் அப்படித் தோன்றாது. சி.எஸ்.ஆர். என்ற ஆஸ்திரேலியச் சர்க்கரைக் கம்பெனியின் பிடி, நீதிமன்றங்கள் தொழிலாளிக்கு எதிராகச் சாய்ந்த விதம், வேலைக்கு வராததற்கே தண்டனை என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். தோட்டங்களில் பெரிய கலகங்கள் ஏன் வெடிக்கவில்லை என்றும் தனியாக ஆராய்ந்தார். பல மொழி, பல சாதி, சிதறிக்கிடந்த தோட்டங்கள், சர்தார்களின் (தோட்டத்து இந்திய மேஸ்திரிகளின்) அடி என்று காரணங்களை அடுக்கிப் பார்த்தார். வீரக்கதை வேண்டும் என்பதற்காக எதிர்ப்பைப் பெரிதாக்கவும் இல்லை.

சீட்டுகளின் நம்பகத்தன்மை பற்றிய விமர்சனம்தான் எனக்குக் கனமானதாகத் தெரிகிறது. சாதியை மாற்றிச் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். பெயரை எழுத்தர் தன் காதுக்கு எட்டியபடி எழுதியிருப்பார். அரசாங்கம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் சீட்டில் இடம். ஆசைக்கும் பயத்துக்கும் கட்டம் இல்லை. அந்தக் குறையை லால் உணர்ந்திருந்தார் என்பதற்கு அவருடைய பிற்கால எழுத்தே சாட்சி. அதைக் கீழே சொல்கிறேன்.

தமிழர்கள் எங்கே?

இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்காமல் விட்டதில்லை. லால் எண்ணியது கல்கத்தா சீட்டுகளை. அவருடைய ஆய்வேட்டின் எல்லையே வட இந்தியர்கள்தான். சென்னைத் துறைமுகம் வழியாகப் போன அந்தப் பதினைந்தாயிரம் பேர், அதாவது வட ஆற்காடு, தஞ்சாவூர், கோயம்புத்தூர், மலபார், கோதாவரி, விசாகப்பட்டினம் என்று பல ஜில்லாக்களிலிருந்து போன தமிழர், தெலுங்கர், மலையாளிகள், அந்தக் கணக்குக்கு வெளியே நின்றார்கள். ஆய்வாளர் ஒருவர் தன்னால் ஆழமாகச் செய்யக்கூடியதற்கு எல்லை வகுத்துக்கொள்வது சரிதான், அதில் எனக்குக் குறையில்லை. குறை நம் பக்கம் இருக்கிறது. பஸ்தி ஜில்லாவின் கிர்மிட்டியாவுக்குக் கிடைத்த உழைப்பு வட ஆற்காட்டுக் கிர்மிட்டியாவுக்கும் கிடைக்க வேண்டாமா?

வடக்கே ஆள் சேர்ப்பது கஷ்டமான பிறகுதான் ஏஜென்ட்டுகள் சென்னை மாகாணத்தின் பக்கம் திரும்பினார்கள். 1903இல் போய் இறங்கியவர்களுக்கு இரட்டைச் சிரமம். தோட்டத்து மொழி அதற்குள் ஒருவகை இந்துஸ்தானியாக உறைந்துவிட்டது. சர்தார் அந்த மொழியில்தான் கத்துவார். நம் ஆட்கள் வெள்ளைக்காரனுக்கும் அந்நியர், பக்கத்து லயனில் இருந்த இந்தியனுக்கும் ‘மதராஸி’. தற்கொலை செய்துகொண்டவர்களில் தென்னிந்தியர்கள் அவர்களுடைய எண்ணிக்கைக்கு மீறிய அளவில் இருந்தார்கள் என்பதை வரலாற்றாசிரியர்கள் குறித்திருக்கிறார்கள்.

அப்படியிருந்தும் 1926இல் நாடியில் சாது குப்புசாமி ‘தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்’ தொடங்கினார். அந்தச் சங்கம் பள்ளிக்கூடங்கள் நடத்தியது, தமிழும் தெலுங்கும் சொல்லிக்கொடுத்தது, கோயில்களைத் தாங்கியது. ராமகிருஷ்ண மிஷனின் சுவாமி அவினாசானந்தர் 1937இலும், சுவாமி ருத்ரானந்தர் 1939இலும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். நாடியில் 1994இல் புதிதாகக் கட்டி எழுப்பிய ஸ்ரீ சிவ சுப்பிரமணிய சுவாமி கோயிலின் கோபுரம் இன்று பிஜிக்குப் போகும் எல்லோரும் படம் எடுக்கும் இடம். கோபுரத்தைப் படம் எடுப்பவர்கள், அதைக் கட்டியவர்களின் பாட்டன் எந்தத் தாலுகாவில் சீட்டு வாங்கினான் என்று கேட்பதில்லை.

சென்னைச் சீட்டுகளும் இருக்கின்றன. தமிழ் படிக்கத் தெரிந்த, நம் ஊர்ப்பெயர்களும் சாதிப்பெயர்களும் ஆங்கில எழுத்தில் எப்படியெல்லாம் உருக்குலையும் என்று தெரிந்த ஒருவர் அவற்றை லால் உட்கார்ந்தது போல உட்கார்ந்து எண்ண வேண்டும். பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள் யாராவது தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால் இதைக் கையில் எடுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

ஒரு வரலாற்றாசிரியரின் தாக்கம் என்று எதைச் சொல்வது?

எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பது ஒரு கணக்கு. அதில் லாலுக்குக் குறையில்லை. எனக்கு அதைவிட முக்கியம், அவர் போட்ட வழியில் எத்தனை பேர் நடந்தார்கள் என்பது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்களைக் கப்பல் பட்டியல்களின் துணையோடு சுரேந்திர பானா எண்ணி 1991இல் வெளியிட்டார். மொரீஷியஸ், கயானா, டிரினிடாட் என்று மற்ற நாடுகளின் ஆய்வுகளிலும் ‘யார் போனார்கள்’ என்ற கேள்வி முன்வரிசைக்கு வந்தது.

இன்னொன்று, அவர் கட்டியெழுப்பிய களங்கள். பசிபிக் தீவுகள் பற்றிய ‘தி கன்டெம்பரரி பசிபிக்’ ஆய்விதழின் நிறுவன ஆசிரியர் அவர். 2006இல் சிங்கப்பூரிலிருந்து வந்த புலம்பெயர் இந்தியர் கலைக்களஞ்சியத்தின் பொது ஆசிரியரும் அவரே. பிஜி, மலேயா, இலங்கை, கரீபியன் எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க அந்தப் பெரிய புத்தகம் வழி செய்தது. நண்பர்களும் மாணவர்களும் சேர்ந்து 2017இல் அவருக்குச் சிறப்பு மலராக ஒரு கட்டுரைத் தொகுப்பு வெளியிட்டார்கள். அதன் தலைப்பு ‘சாட்சி சொல்வது’ என்ற பொருள் தரும்.

மரபுப் பாதுகாப்பில் அவருடைய பங்கு?

கிர்மிட்டியாக்களின் சீட்டுகள் வெறும் அலுவலகக் குப்பை அல்ல, ஒரு மக்களின் பிறப்புச் சான்றிதழ் என்பதை ஊருக்குப் புரியவைத்தவர்களில் அவர் முதல் வரிசை. 2011இல் பிஜி, கயானா, சுரிநாம், டிரினிடாட்-டொபேகோ நாடுகளின் ஒப்பந்தத் தொழிலாளர் ஆவணங்கள் யுனெஸ்கோவின் ‘உலக நினைவகம்’ பட்டியலில் ஏறின. அது பல நாட்டுக் காப்பகங்களின் வேலை. ஆனால் அந்தக் காகிதங்களுக்கு மதிப்பு வந்ததில் லால் போன்றவர்களின் உழைப்புக்குப் பங்கு உண்டு.

1884 மே மாதம் ‘சிரியா’ கப்பல் நசிலாய் பவளப்பாறையில் மோதி ஐம்பதுக்கும் மேற்பட்ட கூலிகள் இறந்ததை மறதியிலிருந்து மீட்டு எழுதியவரும் அவர்தான். கிர்மிட்டியாக்களை நினைவுகூரும் கிர்மிட் தினம் 2023 முதல் பிஜியில் அரசு விடுமுறை.

அவர் அரசியலிலும் இருந்தாரா?

கட்சியில் இல்லை. 1987இல் நடந்த ராணுவப் புரட்சிகளுக்குப் பிறகு இந்திய வம்சாவளியினரைக் கீழே தள்ளிய அரசியல் சட்டத்தை மறுபரிசீலனை செய்ய மூவர் குழு ஒன்று அமைந்தது. நியூசிலாந்தின் முன்னாள் கவர்னர் ஜெனரல் சர் பால் ரீவ்ஸ் தலைவர். பிஜிய இனத்தவரான தொமாசி வகாதோராவும் லாலும் உறுப்பினர்கள். 1996இல் கொடுத்த அறிக்கையில், எழுபது தொகுதிகளில் 45ஐ எல்லா இனத்தவருக்கும் பொதுவாகவும் 25ஐ மட்டும் இனவாரியாகவும் வைக்கச் சொன்னார்கள். நாடாளுமன்றம் அதைக் கிட்டத்தட்டத் தலைகீழாக்கி 46 இனவாரி, 25 பொது என்று 1997 அரசியல் சட்டத்தில் எழுதியது.

1999 தேர்தலில் மகேந்திர சௌத்ரி முதல் இந்திய வம்சாவளிப் பிரதமரானார். 2000 மே 19 அன்று அவருடைய அரசு துப்பாக்கிமுனையில் சிறைபிடிக்கப்பட்டது. 2006இல் மீண்டும் ராணுவம், 2009 ஏப்ரலில் அந்த அரசியல் சட்டமே ரத்து. அதே வருடம் நவம்பரில், ராணுவ அரசை ஊடகங்களில் விமர்சித்ததற்காக லால் தன் சொந்த நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். பிறகு அவருக்கும் அவர் மனைவி பத்மாவுக்கும் பிஜிக்குள் நுழையத் தடை.

மனிதர்கள் ஏன் ஊரை விட்டுப் போனார்கள் என்று முப்பது வருடம் ஆராய்ந்தவர், கடைசிப் பன்னிரண்டு வருடங்கள் தாபியாவைப் பார்க்க முடியாமலே போய்ச் சேர்ந்தார். 2022 டிசம்பரில் ஆட்சி மாறியதும் தடை நீங்கியது. அவருடைய அஸ்தியை ஊருக்குக் கொண்டுபோக வழி பிறந்தது அப்போதுதான்.

சொந்தச் சமூகத்தைப் பற்றி எழுதியவர் நடுநிலையாக இருக்க முடியுமா?

பிஜியின் பூர்வகுடி மக்களின் பார்வை அவருடைய எழுத்தில் போதாது என்று சொல்பவர்கள் உண்டு. நிலம் அவர்களுடையது, குத்தகை இந்திய விவசாயியுடையது. அந்தக் குத்தகைகள் 1997 முதல் காலாவதியாகத் தொடங்கியபோது இரு பக்கமும் வலி இருந்தது. ஆனால் இருபதாம் நூற்றாண்டு பிஜியைப் பற்றி 1992இல் அவர் எழுதிய ‘புரோக்கன் வேவ்ஸ்’ நாடு முழுவதன் வரலாறு, ஒரு இனத்தின் வரலாறு அல்ல. தன் ஆட்களின் தலைவர்களையும் அவர் தாட்சண்யம் பார்த்து எழுதவில்லை.

அவர் கதைகளும் எழுதினாராமே?

ஆமாம், அதைத்தான் மேலே சொல்ல வந்தேன். தாபியாவின் பள்ளிக்கூடம், கடைவீதி, ராமாயண மண்டலி, வெட்டிய கரும்பை ஆலைக்கு ஏற்றும் நாட்கள் எதற்கும் காப்பகத்தில் கோப்பு கிடையாது. எழுத்தறிவில்லாத மக்களின் நினைவை எந்த அடிக்குறிப்பில் போடுவது? அதனால் நடந்ததைக் கதையின் உருவில் எழுதினார். 2001இல் வந்த ‘மிஸ்டர் துளசீஸ் ஸ்டோர்’ அப்படிப்பட்ட நூல். பிஜி இந்தி என்று எல்லோரும் கொச்சையாக நினைத்த வீட்டு மொழியிலும் எழுதினார். எண்களால் தொட முடியாத இடத்தை எண்ணியவரே ஒத்துக்கொண்டு வேறு வழி தேடினார். அவரிடம் எனக்குப் பிடித்தது இதுதான்.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

‘சலோ ஜஹாஜி’ என்ற கட்டுரைத் தொகுப்பு. கிர்மிட் பற்றிய அவருடைய முக்கியமான கட்டுரைகள் எல்லாம் அதில் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் பதிப்பகம் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. ஆங்கிலம் எளிமையானது.

எங்கள் குடும்பத்தில் ஒருவர் பிஜிக்குப் போனதாகப் பாட்டி சொல்வார். தேடிப் பார்க்க முடியுமா?

முடியும். சீட்டுகள் சுவாவில் உள்ள பிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெயர் மட்டும் இருந்தால் போதாது, ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். தகப்பன் பெயர், ஊர், பழைய ஜில்லா, தாலுகா, ஏறக்குறைய எந்த வருடம் என்ற விவரங்களை வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் எழுதி வாங்குங்கள். இன்றைய மாவட்டப் பெயர் உதவாது. வேலூரும் ராணிப்பேட்டையும் அன்று வட ஆற்காடு. கப்பல் பெயரோ டிப்போ எண்ணோ தெரிந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.

பெயரை ஒரே எழுத்துக்கூட்டில் தேடாதீர்கள். முனுசாமி ‘மூன்சாமி’ என்று கிடப்பார், சின்னம்மா ‘சினமா’ ஆகியிருப்பார். வாயால் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், அதைத் தமிழ் தெரியாத ஒரு எழுத்தர் எப்படி எழுதியிருப்பார் என்று யோசித்து நாலைந்து விதமாக எழுதிக்கொள்ளுங்கள். கிடைத்ததும் உயரத்தையும் அடையாளத் தழும்பையும் பாருங்கள். போட்டோ இல்லாத அந்த மனிதரை ஒரு பேரப்பிள்ளை நேரில் பார்ப்பதற்கு இருக்கும் ஒரே இடம் அந்த இரண்டு வரிதான்.